ஆளில்லாத கை

சத்தியமாக நடந்தது. கேட்டுவிட்டு "சும்மா கதை விடாதே" என்று சொல்லப்போகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். எனக்கு ஏற்கெனவே கோபம் தலைக்கேறி இருக்கிறது. நடந்தது எனக்கல்ல, என் அக்காவுக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பேய் பயமும் கிடையாது. அதுவும் நடந்தது பட்டப்பகலில்.

அக்காவுக்கு ஒரு ஸ்டுடியோவில் வேலை. கிழிந்துபோன, பூஞ்சை பிடித்த பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுப்பாள். அன்றைக்கு முதலாளி ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தார். விடுதலைப் போரில் ஜெயித்த நாளில் எடுத்தது. போலீஸ் ஸ்டேஷன் படிக்கட்டில் பதினோரு பேர், துப்பாக்கியோடு. நடுவில் தலைவர். காலடியில் ஒரு சிலேட்டு, அதில் அன்றைய தேதி.

"தலைவரோட மியூசியத்துக்கு. ஆறடி பிரிண்ட். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

அந்தப் போரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச மாட்டோம். அம்மாவின் அப்பா அச்சகத் தொழிலாளி. போராளிகளுக்குத் திருட்டுத்தனமாகத் துண்டறிக்கை அடித்துக்கொடுத்தவர், பிறகு அவர்களோடே போய்விட்டார். 'வெற்றிக்கு இரண்டு நாள் முன்பு காட்டிக்கொடுத்துவிட்டு ஓடிப்போனான்' என்று தலைவர் எழுதினார். பாடப் புத்தகத்திலும் போட்டார்கள். அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. துரோகி மகள் என்று வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டில் கல் விழுந்தது. தாத்தாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம்! நினைத்தாலே வயிறு எரிகிறது.

மதியம் 2:10. அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். தலைவரின் வலது தோளில் ஒரு கை இருந்தது. பின்னால் ஆள் இல்லை. வெறும் சுவர்.

அக்கா சிரித்துவிட்டாள். அந்தக் காலத்தில் வேண்டாத ஆளை நெகட்டிவில் பிளேடால் சுரண்டி எடுப்பார்களாம். ஆளைச் சுரண்டியவன் அவசரத்தில் கையை மறந்துவிட்டான். இந்தத் தொழிலில் அது பழைய தவறு.

"அந்தக் கையையும் எடுத்துடும்மா. மேலிடத்துல சொல்லிட்டாங்க" என்றார் முதலாளி.

2:25. அழித்தாள். சேமித்தாள். மறுபடி திறந்தாள்.

கை இருந்தது.

சரியாகச் சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று தலையில் தட்டிக்கொண்டாள். 2:40. மறுபடி அழித்தாள். திறந்தாள். கை இருந்தது... கழுத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

அறையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ஸ்டுடியோவில் ஏது மண்ணெண்ணெய்?

இன்னும் பெரிதாக்கினாள். ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

2:52. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, தாத்தா கையில ஏதாவது அடையாளம் இருந்துச்சா?"

"வலது கையில ஆட்காட்டி விரல் பாதிதான். பேப்பர் வெட்டுற மிஷின்ல போச்சு. கையில மை போகணும்னு மண்ணெண்ணெய்லதான் கழுவுவாரு. ஏண்டி?"

அக்கா மறுபடி படத்துக்குத் திரும்பினாள். சிலேட்டைப் பார்த்தாள். வெற்றி நாளின் தேதி. இரண்டு நாள் முன்பே ஓடிப்போனவன் அந்தப் படிக்கட்டில் எப்படி ஐயா நிற்பான்? தலைவர் தோளில் கை போட்டுக்கொண்டு?

"இந்தக் கையை நான் அழிக்க மாட்டேன் சார்."

"நகரு. நானே பாத்துக்கிறேன்."

3:14. முதலாளி அழித்தார். பிரிண்ட் கொடுத்தார்.

கிர்ர்... கிர்ர்...

தாள் மெல்ல இறங்கியது. தொப்பி... நெற்றி... கண்...

கிர்ர்...

தோள்.

கை இருந்தது. இப்போது அது சும்மா வைத்த கை அல்ல. நான்கரை விரலும் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன.

முதலாளி தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம். மண்ணெண்ணெய்.

3:17. அவர் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

அக்கா தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அம்மா அந்தக் கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

இதன் பிறகு தெரிந்ததைக் கேளுங்கள். என் மனைவி நர்ஸ். போன மாதம் தலைவரை அவள் வேலை பார்க்கும் வார்டில்தான் சேர்த்தார்கள். போரில் குண்டு பாய்ந்து அவருடைய வலது தோள் இறங்கிப்போனது என்று நாமெல்லாம் படித்து மார்க் வாங்கியிருக்கிறோம், இல்லையா? சட்டை மாற்றும்போது இவள் பார்த்திருக்கிறாள். குண்டுத் தழும்பு இல்லவே இல்லை. நீலமாக விரல் தடங்கள். நான்கு முழுசு, ஒன்று பாதி. தடவினால் ஐஸ் மாதிரி இருந்ததாம். "எடு... கையை எடு" என்று அந்த மனுஷன் முனகிக்கொண்டே இருக்கிறாராம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சுவரில் ஒட்டிய படத்தின் பக்கம் திரும்பினாள்.

"எடுக்காதப்பா" என்றாள். "நல்லா அமுக்கு."