இரண்டு ஓட்டை போட்ட அட்டை

எங்கள் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. எனக்குப் பிடிக்காத யாராவது வந்து, நான் உள்ளே ஒளிந்துகொண்டு, "வீட்ல இல்லன்னு சொல்லிடுங்க அண்ணி" என்று கெஞ்சினால், வாசலுக்குப் போய், "உள்ளதான் இருக்கா, இல்லன்னு சொல்லச் சொன்னா" என்று சொல்லிவிட்டு வருகிற ரகம். அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஒரு பொய் சொன்னாள். அதற்கு மேல் இன்னொரு பொய்யை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அண்ணிக்கு வேலை ஒரு சலவைக்கடையில். முன்னால் துணி வாங்குகிற மேடை, பின்னால் இரண்டு இயந்திரங்கள், நாளெல்லாம் புஸ் புஸ்ஸென்று ஆவி விடும் இஸ்திரி, ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூல். ஸ்டூல் அண்ணியுடையது. அறுந்த பட்டன், பிரிந்த உள்துணி, கிழிந்த பை எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். ஆள் வந்தால் எழுந்து போய்த் துணியை வாங்கி, எண்ணும் தேதியும் எழுதிய அட்டையை நூலில் கட்டி, உள்ளே அனுப்புவாள். பதினோரு வருடமாக இதுதான். என் அண்ணன் லாரியில் ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவான். அதனால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். நான் ஒரு பார்சல் அலுவலகத்தில் ரசீது போடுகிறவள். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காருகிறவள். நாத்தனார் என்ற பதவியை நான் ஒரு நாளும் ராஜினாமா செய்ததில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடம் ஆகியும் யாரும் வந்து வாங்காத துணியின் அட்டையில் முதலாளி இன்னொரு ஓட்டை போட்டுவிடுவார். இரண்டு ஓட்டை இருந்தால் அந்தத் துணிக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். வேலை செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கோட்டும் சட்டையுமாக அள்ளிக்கொண்டு போவார்கள். அண்ணி ஒரு கைக்குட்டை எடுத்ததில்லை. "நம்மளுது இல்லாதத போட்டா உடம்பு கூசுது" என்பாள். நான் அவளைக் கிண்டல் செய்வேன்.

அவளையும் ஒரு தொப்பி மயக்கிவிட்டது. கம்பளியை நெய்யாமல் அமுக்கிச் செய்த அரக்கு நிற ஃபெல்ட் தொப்பி, தடிமனாக, பூனைக்குட்டியின் முதுகு போல மெத்தென்று இருக்கும். ஃபெல்டில் பூ செய்து மார்பில் குத்திக்கொள்கிற ப்ரோச் ஒன்றை ஒரு வாடிக்கையாளரின் கோட்டில் பார்த்ததிலிருந்து அண்ணிக்கு அதன் மேல் ஒரு கண். ஃபெல்டை வெட்டினால் நூல் பிரியாது, விளிம்பை மடித்துத் தைக்க வேண்டாம், கைத்தையலுக்கு அதைவிட இதமான துணி கிடையாது என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். தொப்பியின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு ஓட்டை. அட்டையை அவிழ்த்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுத் தொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அன்று மாலை அவள் தைத்ததை நான் காலை நீட்டிக்கொண்டு பார்த்தேன். காகிதத்தில் இதழ் வரைந்து, அதைத் தொப்பியின் மேல் வைத்து, சின்னக் கத்தரியால் ஒரே ஓட்டமாக வெட்டினாள். ஒரு பூவுக்கு ஐந்து இதழ். ஐந்தையும் அடியில் ஒரே நூலில் ஓட்டி இழுத்தபோது அவை தாமாகக் குவிந்து நின்றன. நடுவில் ஒரு மெல்லிய பட்டையைச் சுருட்டி வைத்தாள். பின்பக்கத்துக்கு வட்டமாக ஒரு துண்டு. அதில் முதலில் ஊக்கைத் தைத்துவிட்டு, அதன் பிறகே பூவோடு சேர்த்து விளிம்பைச் சுற்றிக் காஜா தையல் போட்டாள். "ஏன், கடைசியில ஊக்க வச்சா ஆகாதா?" என்றேன். "அப்ப தையல் முன்பக்கம் தெரியும். அசிங்கம்" என்றாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையதை அலுவலகத்துக்குக் குத்திக்கொண்டு போனேன். மேலதிகாரியே எழுந்து வந்து பார்த்தார். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம், கையில் ரசீதோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். அண்ணி வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, தூக்கத்தைப் பார்த்துப் பல நாள் ஆன முகம்.

"அப்பாவோட தொப்பிங்க. அஞ்சு மாசம் ஆச்சு குடுத்து. அன்னைக்கு அவர ஆஸ்பத்திரில சேர்த்ததோட சரி, வரவே முடியல. நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வந்ததும் முதல் கேள்வியே தொப்பி எங்கன்னுதான்."

"என்ன நிறம்?" என்று கேட்டபோதே அண்ணிக்குத் தெரிந்துவிட்டதாம். பூ மார்பில் இருந்தது. அவள் கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது.

"தேடிப் பார்க்கறேங்க. நாளன்னைக்கு வாங்க."

அவள் சொன்ன பொய் இவ்வளவுதான். தேடுவதற்கு என்ன இருந்தது?

அந்தப் பெண் போனதும் மேஜை இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. தொப்பியில் பட்டன் துளை கிடையாது. உள்பட்டியில் ஒற்றை நூலால் கட்டினால் அட்டை சுழன்று சுழன்று கழன்றுவிடும். அதனால் தொப்பி வந்தால் மட்டும் அட்டையில் இன்னொரு ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் நூலைக் கோர்த்து இறுக்கிக் கட்டுவது அண்ணியின் பழக்கம். கடையில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. தொப்பி வருவதும் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. தொலையக் கூடாதென்று தானே போட்ட ஓட்டையை முதலாளி போட்டதாக எடுத்துக்கொண்டு, தேதியைப் பார்க்காமல் வெட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "உன்னோடத குடு" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "குடுத்தத திருப்பிக் கேக்கறது என்ன பழக்கம் அண்ணி? பூவ பிரிச்சா தொப்பி ஆயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்கு? தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. எந்தக் கடையில துணி தொலையல? தொலைஞ்சா பொறுப்பில்லன்னு ரசீதுக்குப் பின்னாலயே அச்சடிச்சிருக்கு."

"அது தொலைச்சவங்களுக்கு. நான் தொலைக்கல. வெட்டினேன்."

"யாருக்குத் தெரியும்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் வீம்புக்கு அந்தப் பூவைக் குத்திக்கொண்டே அலுவலகம் போனேன். பார்சல் கொடுக்க வந்த ஒரு அம்மா, "எங்கங்க வாங்கினீங்க? என் பொண்ணுக்கு வேணும்" என்று கேட்டாள். எங்கே வாங்கினேன்? ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மனிதனின் தலையிலிருந்து. அதற்கு மேல் அதை என்னால் மார்பில் வைத்திருக்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கழற்றிக் கைப்பையில் போட்டேன். மாலையில் அதை அண்ணி முன்னால் வைத்தேன். இரண்டு பூவின் தையலையும் அவள் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தாள். பத்து இதழ்களையும் தட்டி நேராக்கி, மிச்சமிருந்த தொப்பியின் மேல் வெட்டிய இடம் பார்த்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின. ஆனாலும் அது தொப்பி இல்லை.

"தச்சுப் பார்க்கலாமா?" என்றேன்.

"தச்சா ஏமாத்தற மாதிரி ஆயிடும்" என்றாள்.

அதற்கு மறுநாள் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு கடைக்குப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். முதலாளி வெளியே போயிருந்தார். அண்ணி சொன்னபடி அந்தப் பெண் வந்தாள். மேடை மேல் அண்ணி ஒரு பையை வைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கினாள். விளிம்பு, உள்பட்டி, இதழ்கள், இரண்டு வட்டம், சுருட்டிய இரண்டு பட்டை.

"உங்கப்பா தொப்பிதாங்க. ஆளில்லாத துணின்னு நினைச்சு நான்தான் வெட்டினேன். அட்டைய சரியா பார்க்கல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அந்தப் பெண் ஒரு இதழை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்தத் தயாராக நான் மேடைக்குப் பக்கத்தில் வந்துகூட நின்றுவிட்டேன். என் புத்தி அப்படி.

"பார்த்தேங்க" என்றாள் அவள். "அன்னைக்கு கடைக்குள்ள நுழையும்போதே உங்க பூவ பார்த்தேன். நிறம் அப்படியே இருக்கேன்னு தோணுச்சு. கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க நெஞ்சுல கை வச்சுட்டீங்க. பாவம், உடம்பு சரியில்ல போலருக்கு, இவங்கள போய் சந்தேகப்படறோமேன்னு ஆயிடுச்சு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வெக்கமா இருந்துச்சுங்க எனக்கு."

எனக்குக் காது இரண்டும் எரிந்தன. ஒரு தப்பும் செய்யாதவள் எங்களுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்து போயிருக்கிறாள். அதே மாலையில்தான் நான் என் வீட்டில், யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறேன்.

"அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று அவள் கேட்டாள். பதில் தெரியாமல்தான் கேட்டாள்.

"நீங்க சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்றேன்" என்றாள் அண்ணி.

துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு வெளியே வந்தாள். "நானும் வரட்டுமா அண்ணி?" என்றேன். "வேண்டாம், நீ கடையப் பார்த்துக்கோ" என்றாள். இருவரும் தெருவைக் கடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பை அண்ணியின் கையில் இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த ஒரு சட்டையை எடுத்து ஊசியில் நூல் கோர்த்தாள். அந்த வீட்டில் என்ன நடந்தது, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?