யானைக்கு எதற்குக் குடை

அன்றைக்கு மலை ஏறியவர்கள்: அம்மா, அவள் இடுப்பில் தம்பி, மாமா, சுமைக்காரர், நான். அம்மாவின் கூடைக்குள் ஒரு கோழியும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்குத் தப்பிவிடுமோ என்று இப்போதும் கவலையாக இருக்கிறது.

போடிக்கு ரயில் வராத காலம். மேலே ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போன அப்பா காய்ச்சலில் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொல்லியிருந்தான். அரிசியும் மருந்துச் சாமானும் சுமைக்காரர் தலையில். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டத் தெரிந்ததைவிடப் பயப்படத் தெரிந்ததுதான் அதிகம்.

பாதி மலையில், தடத்தின் குறுக்கே யானை லத்தி கிடந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. மாமா கையைப் பிடித்து இழுத்தார், அதட்டினார். அம்மா கெஞ்சினாள். நான் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுமைக்காரர் மூட்டையைச் சுமைதாங்கிக் கல்லில் இறக்கிவிட்டார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் கீழ போறேன்.”

“அண்ணே, நீங்களுமா?” அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. மூட்டை போகாவிட்டால் அப்பா என்ன ஆவார்?

“யானை வந்தா என்ன செய்யும்னு பிள்ளை சொல்லட்டும். கேட்டுட்டு முடிவு பண்ணுறேன்.”

அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மிதிக்கும், தூக்கி எறியும், மூட்டையைக் கிழிக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“அதெல்லாம் சரி ஆத்தா. எதுக்கு வருது?”

அதை நான் யோசித்ததே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “அதோட அப்பனுக்குக் காய்ச்சல்.”

அம்மா தம்பியின் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டபடி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். சுமைக்காரர் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார்.

“அப்புறம்? நீ கதையை நிறுத்துனா எனக்குக் காலணா குடுக்கணும். மூட்டையும் அங்கனயே எறங்கிரும், ஆமா.”

பேசிக்கொண்டே நடந்தேன். யானை மருந்து வாங்கப் போடிக் கடைவீதிக்குப் போனது. சுக்கு வாங்கியது, மிளகு வாங்கியது. ஒரு செங்குத்தான ஏற்றத்தில் கதை வறண்டுபோயிற்று. சுமைக்காரர் நின்றார். மூட்டை மெல்லச் சாய்ந்தது. பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தேன். மாமாவின் கிழிந்த குடை கண்ணில் பட்டது.

“யானை ஒரு குடை வாங்குச்சு!”

“யானைக்கு எதுக்குக் குடை?”

“அதுக்கில்ல, அதோட அப்பனுக்கு. காய்ச்சல்ல நனையக் கூடாதுல்ல?”

“ரெண்டும் சரியான கிறுக்கு” என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் இன்னும் கொஞ்சம் ஏறியதும், “ஏட்டி, குடை என்ன விலை சொன்னான்?” என்று அவரே கேட்டார்.

கூடைக்குள் கோழி கத்தியது. அதையும் கதைக்குள் இழுத்துக்கொண்டேன்.

தோட்டத்துக் குடிசை வாசலில் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார், ஆனாலும் உட்கார்ந்திருந்தார். கதையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது: “ஆத்தா, யானை கடைவீதியிலயே நிக்குது! காலணாவை எடு!”

கதை எங்கிருந்து வருகிறது, நடுவில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று இன்று என்னையும் ஒரு எழுத்தாளர் என்று மதித்துக் கேட்கிறார்கள். எனக்கு முதலில் வருவது கவலைதான். எதுக்கு வருது என்று அதைக் கேட்டுப் பார்க்கிறேன். வறண்டுபோனால் பக்கத்தில் குடை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். வேறு வித்தை தெரியாது.

பயந்துபோன ஒரு பெரிய மனுசரை நான்தான் பேசிப் பேசி மலை ஏற்றினேன் என்று வெகுகாலம் பெருமைப்பட்டிருக்கிறேன். கலியாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள் அம்மாவிடமும் அதைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

“அந்த லத்தி காஞ்சு, அதுல காளானே மொளச்சுக் கிடந்துச்சுடி. தெனம் ஏறி எறங்குற மனுசன் அதுக்கா பயப்படுவாரு?”

அவரை மறுபடி பார்க்க எனக்கு வாய்க்கவே இல்லை. காலணா இன்னும் பாக்கி.