குண்டானுக்குள் இரண்டாவது சத்தம்

ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிட்ட மனிதருக்கு ஒரு முட்டையை ஒழுங்காக வேகவைக்கத் தெரியாது என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் பூட்டுக்காரருக்குத் தெரியாதுதான். கல்யாணமான நாளிலிருந்து மனைவி வேகவைத்துக் கொடுத்தாள், இவர் உரித்துத் தின்றார். உரிப்பதே பெரிய உபகாரம் என்ற நினைப்பு வேறு.

அவள் முறையே தனி. அலுமினியக் குண்டானில் இரண்டு முட்டையை வைத்து, மூழ்கும்படி பச்சைத் தண்ணீர் ஊற்றி, சிட்டிகை உப்புப் போட்டு மூடிவிடுவாள். தண்ணீர் கொதித்ததும் முட்டைகள் குண்டானைத் தட்டும். கடிகாரம் பார்க்க மாட்டாள், அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். கணவருக்கு மஞ்சள் கரு இளகியிருக்க வேண்டும் என்பதால் அவருடையதை முதலில் எடுப்பாள். தன்னுடையதைக் கல்லாகும்வரை விட்டுவைப்பாள். "மக வீட்டுல போய் நாலு நாள் இருந்துட்டு வரலாமாங்க?" என்று கேட்பதும் அநேகமாக அந்த நேரத்தில்தான். "கடையை யாரு பாக்கறது?" என்று இவர் வாயை அடைத்துவிடுவார். அந்த ஆசை தீராமலே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது.

தனியானதும் அவரே அடுப்படியில் இறங்கினார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். ஓடு விரிந்து வெள்ளைக்கரு நூல்நூலாக மிதந்தது. அடுத்த முறை அடுப்பில் வைத்ததை மறந்து கடைக்குப் போய்விட்டார். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, புகையைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பூட்டுக்காரர் வீட்டுப் பூட்டையே உடைக்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம்தான் மனைவியின் முறைக்கு வந்தார். குண்டானைத் தேய்த்துக் கழுவி, ஒரே ஒரு முட்டையை வைத்து மூடினார். தண்ணீர் கொதித்தது, முட்டை தட்டியது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று தட்டியது.

மூடியைத் திறந்தார். ஒரு முட்டைதான், ஒரு சத்தம்தான். மூடினார். மறுபடியும் இரண்டு. அடுப்பை அணைக்கக் கையை நீட்டியபோது இரண்டாவது சத்தம் சட்டென்று நின்றது. எடுத்து உரித்துப் பார்த்தால் மஞ்சள் கரு தேன் பதத்தில் இளகியிருந்தது. அச்சு அசல் அவள் கைப்பக்குவம். பயமாகவும் இருந்தது, விடவும் மனசில்லை. நின்றபடியே தின்றுகொண்டு அழுதார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதேதான். இரண்டாவது சத்தம் நின்றதும் எடுத்துவிடுவார், ஒரு நாளும் பதம் தப்பவில்லை. "போதுமா? எடுத்துடவா?" என்று குண்டானோடு பேசவும் ஆரம்பித்தார். அது எதிர்வீட்டு அக்கா காதில் விழுந்தது. அங்கே விழுந்தது மகள் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மகள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னோட வந்துடுங்கப்பா. உங்களைத் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கமே வரலை."

"இந்த வீட்டை விட்டு நான் வர மாட்டேம்மா."

"சரி. என் கண்ணு முன்னாடி ஒரு முட்டை வேகவைங்க. நேரத்துக்கு நீங்களே அடுப்பை அணைச்சுட்டா நான் பேசாம போயிடறேன். இல்லேன்னா நீங்க கிளம்பணும்."

பூட்டுக்காரருக்கு உள்ளூரச் சிரிப்பு. இதைவிட லேசான பரீட்சை உண்டா? குண்டானை ஏற்றினார். மகள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முட்டை தட்டியது. எதிர்ப்பக்கமும் தட்டியது.

"கேக்குதா?"

"என்னதுப்பா?"

"ஒண்ணுமில்ல."

நிற்க வேண்டிய நேரத்தில் அது நிற்கவில்லை. அடுப்புக் குமிழ்வரை போன கை திரும்பி வந்தது. தண்ணீர் குறையக் குறைய இரண்டாவது சத்தம் முதல் சத்தத்தை அமுக்கிக்கொண்டு கேட்டது.

"போதும்ப்பா, அணைங்க."

"இரும்மா. இன்னும் சொல்லல."

"யாரு சொல்லணும்?"

அவர் குண்டான் பக்கம் காதைச் சாய்த்தார். அடிப்பிடிக்கும் வாசனைதான் வந்தது. மகள் அவரைத் தாண்டிக் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

அவளே உரித்தாள். முட்டை கல்லாகியிருந்தது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். "அம்மா சாப்பிடற மாதிரியே ஆயிடுச்சு" என்றாள், கண் கலங்க.

பூட்டுக்காரருக்கு மனைவிமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கூட இருந்துவிட்டு, வேண்டிய நேரத்தில் இப்படிக் காலை வாரிவிட்டாளே! ஆனாலும் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். பையில் துணிகளை அடைத்தார். குண்டானைக் கழுவி, துடைத்து, அதையும் எடுத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல பாத்திரமா இல்ல?"

"இருக்கட்டும்."

பின்சீட்டில் உட்கார்ந்து குண்டானை மூடியோடு மடியில் வைத்துக்கொண்டார். தெரு போயிற்று. ஷட்டர் இறக்கிய கடையும் போயிற்று. கடையைத் தாண்டியதும் மடியில் டொக் என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. இப்போது அதில் அவசரமே இல்லை. வெகுநாளாக நினைத்திருந்த ஊருக்கு ஒருவழியாகக் கிளம்பிவிட்டவளைப்போல நிதானமாகத் தட்டியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இதுக்குத்தானா?" என்று கேட்டு மூடிமேல் கையை வைத்தார். மூடி சுட்டது. கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"ரோடு மோசம்ப்பா, பாத்திரம் ஆடுது" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமல்.

வண்டி சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.