உள்ளங்கைச் சீனி

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் முதல் ஆளும் நான்தான். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வேன்.

பதின்மூன்று வயதில் எனக்குச் சீனி வருத்தம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை, வாழ்நாள் முழுக்க ஊசி என்றார்கள். அம்மாவின் காதில் நின்றது சீனி என்ற சொல் மட்டும்தான். அன்று மாலையே வீட்டிலிருந்த சீனிப் போத்தலைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டாள்.

ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பாலில்லாத தேநீரான சாயத்தண்ணிக்குள் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்போம். என்னால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெறுஞ்சாயம். லயத்தில் மற்றவர்களும் என்னைக் கண்டால் போத்தலை மூடினார்கள்.

நான் ஓடுபவள். பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் என்னை முந்த ஆளில்லை. பதினைந்து வயதில் மாகாணப் போட்டிக்குத் தேர்வானேன். அதற்கான பயிற்சி முடிந்து ஒரு பின்னேரம் லயத்துக்கு ஏறி வரும்போது கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, எதிர்மலை ஆடியது. ஓடினால் சீனி இறங்கும் என்று கிளினிக்கில் சொன்னது நினைவு வந்தது. வாசலில் அத்தை சாயத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் சீனி குடுங்க."

"ஒனக்கா? ஒங்கம்மா என்னைய உசுரோட வுடுவாளா? இந்தா, வெறுஞ்சாயம் குடி."

"எறங்கிருச்சு அத்தை. இப்ப சீனிதான் மருந்து."

"படிச்ச புள்ளைங்களுக்குக் கதை சொல்லவா தெரியாது?"

அதற்குமேல் விளக்க நாக்கு புரளவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையிலிருந்த சீனியை நக்கினேன். பிறகு போத்தலிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அது எங்கள் வீட்டுப் போத்தல்தான். அத்தை போட்ட கூச்சலில் மேல் லயத்து நாய்கள் குரைத்தன.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அதற்குள் கதை கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை போயிருந்தது.

"ஓட்டமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ உசுரோட இருந்தாப் போதும்," என்றாள் அம்மா.

"கிளினிக்குக்கு நீயும் வாம்மா. டொக்டர் வேணாம்னா வுட்டுடுறேன்."

டொக்டர் ஓடச் சொன்னார். ஓட்டம் சீனியைக் கட்டுக்குள் வைக்க உதவும் என்றார். ஆனால் ஓடுமுன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் சாப்பிட்டு, அது ஏறிய பிறகே ஓட வேண்டும், பையில் எப்போதும் சீனி இருக்க வேண்டும். ஓடும் நாட்களுக்கு ஊசி மருந்தின் அளவையும் மாற்றித் தந்தார்.

இரத்தத்தில் சீனி பார்க்கும் மீட்டரை அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாள். அவளுக்கு இலக்கம் போதும்.

"எதுக்குக் கீழ போனா ஓடக்கூடாது?" என்று மட்டும் கேட்டாள்.

பதுளையில் போட்டி. அம்மா அன்று வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தாள். ஓட்டத்துக்கு முன் விரலைக் குத்தினோம்.

"கொறைவா இருக்கு. ஒக்காரு."

வாழைப்பழமும் பிஸ்கட்டும் தந்தாள். மற்றப் பிள்ளைகள் ஓட்டம் தொடங்கும் கோட்டுப் பக்கம் போகத் தொடங்கினார்கள். விளையாட்டு டீச்சர் ஓடி வந்தார்.

"பேர் கூப்பிடப் போறாங்க, இன்னும் என்ன செய்றீங்க?"

"முள்ளு ஏறல டீச்சர்," என்றாள் அம்மா. அந்த மீட்டரில் முள்ளே கிடையாது.

எனக்குக் கால் பரபரத்தது. அம்மா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுபடி குத்தினோம். இலக்கத்தைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினாள்.

"இப்ப போ."

என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கோட்டில் போய் நின்றேன். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் இரண்டு பேர். வளைவில் ஒருத்தியை, நேர்ப்பாதையில் மற்றவளைத் தாண்டினேன். முதலாவதாக வந்தேன். இதை அடக்கமாக எழுத எனக்குத் தெரியாது.

அம்மா பதக்கத்தைப் பார்க்குமுன் என் விரலைப் பிடித்தாள். இலக்கம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

பஸ் ஏறி லயத்துக்கு வந்தபோது அத்தை வாசலில் நின்றாள்.

"என் கைய நக்கிட்டுத்தானே ஓடுனா. பதக்கத்துல பாதி எனக்கு."

"பாதிய நீயே வச்சுக்க. போத்தலக் குடு," என்றாள் அம்மா.

வாங்கி வந்து, என் ஓட்டச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எல்லோருக்கும் சாயம் ஊற்றினாள். தன் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொட்டிக்கொண்டாள்.