பீர்க்கங்காய் நார்

குளியலறையிலிருந்து ஈரமான பீர்க்கங்காய் நாரின் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா அரிக்கும் கால்களை அந்த நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில் தோல் வறண்டு அரிப்பதை அவர் அழுக்கு என்றே நம்பினார்.

சின்ன வயதில் எனக்கும் அந்த நார்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பஞ்சாலை வேலைக்குக் கிளம்புமுன் அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, முழங்கால் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பார். செம்மண் கலந்த சோப்பு நுரை துவைக்கிற கல்லைச் சுற்றி ஓடும்.

"எரியுதும்மா" என்பேன்.

"பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் அழுக்குப்புள்ளைனு சொல்லிப்போடக் கூடாது கண்ணு" என்று இன்னும் நாலு தேய்ப்பு விழும். ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது அம்மாவின் கையிலிருந்து நாரை வாங்கி வைத்தேன். "இனி மிதமான சோப்பு, ஈரம் காயுமுன்னே க்ரீம், வெயில்ல போனா சன்ஸ்கிரீன். அவ்வளவுதாம்மா."

"அப்புறம் அழுக்கு எப்படிப் போகும்?"

"அது அழுக்கே இல்லம்மா, வறட்சி."

"படிச்சவீங்க சொன்னாச் சரிதானுங்க அம்மணி" என்று கேலி செய்தபடியே காலை நீட்டினார். நார் போட்ட கீறல்களில் நான் தடவிய க்ரீம் பட்டதும் முகம் சுளித்தார்.

"எரியுதே கண்ணு! அப்ப உனக்கும் எரிஞ்சிருக்குமே. சொல்லியிருக்கலாமில்ல?"

"தினமும் சொன்னேம்மா."