திரையில் இரண்டாவது ஆள்

இது யாரோ சொல்லக் கேட்டு, கண் காது மூக்கு வைத்த கதை இல்லை. நடந்தது. அதுவும் பேய் என்றாலே கைகொட்டிச் சிரிக்கிற ஒரு பிசியோவுக்கு. நட்டநடுப் பகலில், ஒரு புதன்கிழமை, ஒன்று நாற்பதுக்கு.

பக்கவாதம் வந்தவர்களின் கைகால்களை மடக்கி நீட்டி நடக்க வைப்பது இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. மருத்துவமனைக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஒரு வீடியோ கேமை வாங்கிப் பிசியோவின் அறையில் மாட்டிவிட்டார். டிவிக்கு மேலே ஒரு கேமரா. எதிரே நின்று காலைத் தூக்கினால், திரையில் ஒரு கோட்டு உருவமும் காலைத் தூக்கும். பலூனை உதைத்து உடைக்கும். நோயாளிகள் விளையாடிக்கொண்டே குணமாகிவிடுவார்களாம்.

"கிழிச்சாங்க," என்றார் பிசியோ. "முட்டியை மடக்கத் துப்பில்லாதவன் பலூன் உடைக்கப் போறானாக்கும்."

சாப்பாட்டு நேரம். அறையில் யாரும் இல்லை. இது எவ்வளவு பெரிய குப்பை என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பதற்காகவே, கதவைச் சாத்திவிட்டுக் கேமைப் போட்டார்.

கோட்டு உருவம் வந்தது. உதைத்தார். டப். மறுபடி உதைத்தார். டப்.

"தூ... சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்."

1:43. திரையில் அவர் உருவத்துக்குப் பின்னால் இன்னொன்று நின்றது.

திரும்பிப் பார்த்தார். சுவர். ஒரு சக்கர நாற்காலி. அவ்வளவுதான்.

"வாங்கின லட்சணம். நாற்காலியை ஆளுன்னு காட்டுது." அதை வெளியே தள்ளிவிட்டு வந்து நின்றார்.

உருவம் போகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வலது காலை உயர்த்தப் பார்த்தது. கால் கட்டை மாதிரி விறைத்தபடியே கொஞ்சம் எழும்பி விழுந்தது.

சர்ர்... தரையில் செருப்பு தேய்கிற சத்தம். டிவியிலிருந்து வரவில்லை.

அந்தச் சாய்வு அவருக்குத் தெரியும். போன மாதம் வரை வந்துகொண்டிருந்த பஸ் டிரைவர். எட்டு வாரமாகியும் அவருக்கு வலது முட்டி மடங்கவில்லை. "நீங்கல்லாம் தேற மாட்டீங்க. வேற ஆளுக்கு இடத்தை விடுங்க," என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பியவர் இவர்தான்.

"யாருய்யா அது?"



சர்ர்... சர்ர்...

1:46. திரையில் அது அவர் தோளை ஒட்டி நின்றது. பிடரியில் மூச்சு பட்டது. சூடே இல்லாத மூச்சு.

அதன் வலது கால் எழுந்தது. இன்னும்... இன்னும்...

முட்டி மடங்கியது.

டப்.

பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

டப்... டப்... டப்...

ஓடினார்.

மறுநாள் மேனேஜரிடம் முறுக்காகத்தான் பேசினார். "கேமரா கோளாறு. குப்பைன்னு நான் முன்னமே சொன்னேனே." ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறைப் பக்கம் தலைவைக்கவில்லை.

சனிக்கிழமை டிரைவரின் மகள் வந்தாள், வாக்கரைத் திருப்பிக் கொடுக்க.

"அப்பா செவ்வாய்க்கிழமை ராத்திரி தவறிட்டார் சார்."

பிசியோ வாக்கரை வாங்கிச் சுவரோரம் வைத்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மறுநாள் பெட்டியில நேரா நீட்டித்தான் வச்சோம். மதியம் ரெண்டு மணிக்கு மூட வந்து பாத்தா... அந்த வலது முட்டி மடங்கி நிக்குது சார். நாலு பேர் சேந்து அமுக்கினோம். நிமிரவே இல்ல."