அத்தை காது வைத்த வேங்கை

நீளமான மரக்கட்டையின் ஒரு முனையை ஊசியால் மெல்லக் கீறினால், மறுமுனையில் காது வைத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கோ கேட்பதில்லை. ஏன்? பள்ளிக்கூடம் போய்ப் படித்தும் இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

இதை நான் கண்டது வில்லியனூர் ரயிலடிக்குப் பக்கத்து மரவாடியில். அப்பாவின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சீரோடு போகும் கட்டிலுக்கு மரம் வாங்க அப்பா புறப்பட்டபோது, அத்தையும் என்னை இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். கல்யாணப் பெண் மரவாடிக்குப் போவதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கே ஒரு தேக்கைப் பார்த்ததும் அப்பா மயங்கிவிட்டார். பருத்த, நேரான மரம். அவர் விலை பேசுவதற்குள் அத்தை தன் கொண்டை ஊசியை என்னிடம் தந்து, “அந்தக் கோடிக்குப் போயி கீறுடி” என்றாள். எங்கள் வீட்டுக்குக் கதவு செய்த தச்சர்கள் அப்படிச் சோதித்ததை அவள் பார்த்திருந்தாள். மண்ணில் மண்டியிட்டு, கட்டையில் காதைப் பதித்தாள்.

“ஒண்ணும் கேக்கலணா. உள்ள சொத்தை.”

வாடிக்காரர் சிரித்தார். “இன்னா பொண்ணு, மரம் ஒங்கிட்ட பேசுதா?”

தன் மரத்தைக் குறை சொன்ன ரோஷத்தில் அப்போதே அதை அறுக்கச் சொன்னார். ரம்பம் நடுவுக்குப் போனதும் பழுப்புத் தூள் கொட்டியது. உள்ளே என் கை நுழையும் அளவுக்குப் பொந்து. சாமியைப் பார்ப்பதுபோல அத்தையைப் பார்த்தேன்.

மூலையில் பட்டை வெடித்த வேங்கை ஒன்று கிடந்தது. என்னைக் காது வைக்கச் சொல்லி அவளே கீறினாள். என் மண்டைக்குள்ளேயே யாரோ கீறியது போலிருந்தது. உடம்பு சிலிர்த்துப் போனது. பிறகு அவள் காது வைக்க, நான் கீறினேன். கீறி முடித்தும் அவள் எழவில்லை.

“ஏந்திரும்மா. ஒட்டிக்கினயா இன்னா?” என்றார் அப்பா.

“நான்தானேணா அதுல படுக்கணும்?”

அப்பா மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரத்தூள் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை என்பதோ, அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதோ அன்று எனக்குத் தெரியாது.

அந்த வேங்கையில் செய்த கட்டில் இன்றும் ஆடாமல் நிற்கிறது. என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அவள் சீருக்கென்று நல்ல வேங்கையாக இப்போதே வாங்கிக் காயப்போடச் சொல்கிறார் மாமனார். அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. வாங்கி வைக்கட்டுமா, அவளே காது வைத்துப் பார்க்கும் வயது வரட்டும் என்று காத்திருக்கட்டுமா? பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது எழுதுங்கள்.